மக்கள் தரப்பில் எங்கள் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை டயாலிசிஸ் பிரிவின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதனால் பக்கத்துக் கட்டில்காரரான ரொட்டிக்காரரைப் படிக்கச் சொன்னேன். அவர் முகத்தைத் தாளோடு ஒட்டிவைத்து முதலில் மனதுக்குள் படித்தார். முகம் மாறுவது தெரிந்தது.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து நாலு மெஷினும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுதாம்" என்றார்.

எங்கள் வட்டார ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து ஆறு நிமிஷ நடை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இடது கையில் ஊசியோடு அங்கே கிடக்கிறேன். முடிந்து எழுந்தால் கால் என் கால் மாதிரியே இருக்காது. அந்த ஆறு நிமிஷத்திலேயே போன மாதம் இரண்டு முறை நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. இரண்டு பஸ் மாறவேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும். ரொட்டிக்காரருக்கு என்னைவிட மோசம், அவருக்குப் பார்வையும் மங்கிக்கொண்டு வருகிறது.

அவர் கீழே இருந்ததையும் படித்தார். இது எல்லாத் தரப்பினரும் கலந்துபேசி ஒருமனதாக எடுத்த முடிவாம். ஏழு தரப்பு, ஏழு பெயர். முன்னாள் மேயர், ஓய்வு பெற்ற நீதிபதி, தொழிற்சங்கத் தலைவர் என்று பெரிய மனிதர்களாக வந்துகொண்டே இருந்தார்கள். ஏழாவதாக, 'மக்கள் தரப்பு' என்று போட்டு ஒரு பெயர் இருந்தது.  அது எங்கள் அக்காவின் பெயர், அப்பாவின் முதலெழுத்து முதற்கொண்டு.

"யாருங்க இந்தம்மா? நம்மள யாரையாவது வந்து ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார் ரொட்டிக்காரர்.

நான் இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்திருக்கிற பெயரே 'விசில்'. சாதாரணமாகப் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும் என்று நர்ஸம்மா திட்டுவார். அன்றைக்கு எனக்கு வாயே திறக்கவில்லை. தெரியலைங்க என்று பச்சைப் பொய் சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

நான்கு மணி நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு அக்காவையே நினைத்தேன். அக்காவுக்கும் எனக்கும் நாலு வயசு வித்தியாசம். வீட்டில் பேசுகிற பங்கு முழுவதையும் நான் எடுத்துக்கொண்டதால் அவளுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடம் முடித்ததும் சுருக்கெழுத்துப் படிக்கப் போனாள். அந்தக் கோடும் சுழியும் கொக்கியும் எனக்குப் பார்த்தால் எறும்பு மைக்குள் விழுந்து எழுந்து போன மாதிரி இருக்கும். அக்கா அதில் வகுப்பிலேயே முதல். கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. என் மனைவி இறந்த பிறகு ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறோம். சமைப்பது அவள், குறை சொல்வது நான்.

முப்பத்துநாலாவது வயதில் அவளுக்கு இந்த முடிவை எடுத்த வாரியத்தில் வேலை கிடைத்தது. கலந்துபேசித் தீர்க்கும் வாரியம் என்று பெயர். ஊரில் எந்தத் தகராறாக இருந்தாலும், குப்பை எங்கே கொட்டுவது, எந்தத் தெருவை ஒருவழியாக்குவது என்று எதுவாக இருந்தாலும், சண்டை போடாமல், ஓட்டுப் போடாமல், எல்லாத் தரப்பும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவுக்கு வரவேண்டும் என்பது அதன் கொள்கை. ஊர்த் தலைவர்கள் சம்பளமில்லாமல் அதில் இருந்தார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கே பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொள்வது அக்காவின் வேலை. அங்கே அவளைப் 'பேனாம்மா' என்று கூப்பிட்டார்கள்.

ஒருநாள் நான் விளையாட்டாகக் கேட்டேன், இவ்வளவு பெரிய ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே உனக்கு ஊர் ரகசியமெல்லாம் தெரிந்திருக்குமே என்று. அவள் சிரித்தாள். காதால் கேட்டு அர்த்தம் புரிந்துகொள்ள ஆரம்பித்தால் கை பின்தங்கிவிடும், அர்த்தம் பார்க்காமல் இருந்தால்தான் எழுத முடியும் என்றாள். எனக்கு அது அப்போது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்கா அரைநாள் விடுப்பில் இருந்தாள், அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கிவந்த அந்தத் தாளின் நகலை அவள் முன்னால் வைத்தேன்.

"என் மெஷினை எடுத்துட்டுப் போகச் சொல்லி நீ ஒத்துக்கிட்டியா?" என்றேன்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தாளைப் படித்தாள். மறுபடி படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து மூன்றாம் முறையும் படித்தாள். நான் கத்தினேன். கூடப்பிறந்தவளே இப்படிச் செய்வாளா, யாருக்குப் பயந்து இதைச் செய்தாய் என்று என்னென்னவோ கத்தினேன், எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் மாடிக்குப் போய்ப் போன மாதக் குறிப்பேட்டை எடுத்துவந்தாள். விரலை வைத்துத் தன் சுழிகளைத் தானே வாசித்தாள். 'மூன்றாம் வட்டாரச் சேவை அலகு ஒருங்கிணைப்பு, இரண்டாம் கட்டம்' என்று இருந்தது. எங்கேயும் டயாலிசிஸ் என்ற வார்த்தை இல்லை, ஆஸ்பத்திரி என்றுகூட இல்லை. "தலைவர், மறுப்பு உண்டா. தலைவர், மறுப்பு உண்டா. தலைவர், மறுப்பு உண்டா. மறுப்பு இல்லை" என்று வாசித்து நிறுத்தினாள். பேயறைந்த மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"அது நீ படுத்திருக்கிற மெஷின்னு எனக்குத் தெரியாதுடா" என்றாள்.

சரி, மெஷின் என்று தெரியாது. மக்கள் தரப்பு என்று பெயர் எப்படி வந்தது? அதைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. கேட்டுக் கேட்டுப் பிடுங்கியதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. முதல் இரண்டு வருஷம் அவள் சுவரோரமாகத் தனி ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறாள். பிறகு ஒருநாள் தலைவர், அதாவது முன்னாள் மேயர், இந்த அறையில் பின்வரிசை என்று ஒன்று இருக்கக் கூடாது, எல்லாரும் மேசைக்கு வாருங்கள் என்றாராம். நல்ல மனசு. வட்டமேசையில் ஏழு நாற்காலிகள், ஆறு தலைவர்கள். ஏழாவது நாற்காலி பாதிக்கப்படுகிற பொதுமக்களுக்கு. கூட்டம் நடப்பது வேலை நாளில், காலை பத்தரைக்கு. அந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டு எந்தப் பொதுஜனம் வரும்? நாற்காலி எப்போதும் காலி. அக்கா அதில் உட்கார்ந்தாள். அவள் முன்னால் 'மக்கள் தரப்பு' என்று எழுதிய அட்டை இருந்தது. அதை அவளும் பார்த்திருக்கிறாள்.

"அது நாற்காலியோட அட்டைன்னு நெனச்சேன். எனக்கும் அதுக்கும் என்ன? நான் சும்மா அதுல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

கூட்ட முடிவில் சுற்றி வருகிற தாளில் எல்லாரையும்போல அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வருகைப் பதிவு என்று நினைத்து, சம்பளத்துக்கு வேண்டுமே என்று. தலைவர் மறுப்பு உண்டா என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாராம். அவள் முகத்தையும் பார்ப்பாராம். எழுதி முடித்தாயிற்றா என்று கேட்கிறார் என்று நினைத்து இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். இருபது வருஷமாக ஆட்டியிருக்கிறாள்.

அன்று மாலை முழுவதும் பெட்டியிலிருந்து பழைய குறிப்பேடுகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். மொத்தம் அறுபத்தொன்று. இப்போதுதான் முதல்முறையாக அவற்றை அர்த்தத்தோடு வாசித்தாள்.  நகராட்சிப் படிப்பகத்தை மூடியது, பழைய சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோனது, ஆற்றங்கரைச் சலவைக்காரர்களை வெளியேற்றியது. இருநூற்றுப் பதினான்கு முடிவுகள், எல்லாவற்றிலும் மக்கள் தரப்புக்கு மறுப்பு இல்லை. நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, என்னைப் பார்க்காமல், "பதினொண்ணாம் நம்பர் பஸ்ஸும்" என்றாள்.

 பதினொன்று நான் பதினான்கு வருஷம் ஓடிய பஸ். எங்கள் தெருமுனையில் ஏறினால் மாறாமல் கொள்ளாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். அதை நிறுத்தியபோது நான் இதே சமையலறையில் உட்கார்ந்து, எவன் இதுக்கு ஒத்துக்கிட்டான், அவன் கையில் கிடைத்தால் தெரியும் என்று ஒரு வாரம் கத்திக்கொண்டிருந்தேன். அக்காதான் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, விடுடா, விடுடா என்று சமாதானம் சொன்னாள்.  எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் இருவரும் வாரியத்துக்குப் போனோம். அந்த அறையை அன்றுதான் பார்த்தேன். உயர்ந்த ஜன்னல்கள், பளபளவென்று துடைத்த வட்டமேசை, சுவரில் வெளியூர்க்காரர்கள் கொடுத்த பாராட்டுப் பலகைகள். தலைவரும் நீதிபதியும் இருந்தார்கள். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். ஆனால் தலைவர் எழுந்து வந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கையில் ஊசிக் கட்டைப் பார்த்துவிட்டு, டயாலிசிஸ்காரருக்குத் தண்ணீர் அளவுதானே, எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டார். இப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது?

அக்கா தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். தலைவர் முகத்தில் ரத்தமே இல்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றினார்.

"உங்கள சங்கத்துக்காரர்தான் கொண்டுவந்தார்னு நான் நெனச்சேன். அவர் நான் கொண்டுவந்ததா நெனச்சிருக்கார்" என்றார் தலைவர். "இருபது வருஷத்துல ஒரு தடவகூட முரண்டு பிடிக்காத பிரதிநிதின்னு உங்களப் பத்தி எல்லா வெளியூர்க் கூட்டத்துலயும் பெருமையாப் பேசியிருக்கேன்மா."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அடுத்த மாதம் ஆண்டு விழாவில் மக்கள் தரப்பின் நெடுநாள் பிரதிநிதிக்குப் பாராட்டு என்று அச்சடித்திருந்தது. எனக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடுத்த கணம் அழுகை வந்தது. அக்கா அந்தக் கடிதத்தைத் தொடவில்லை.

பேனாம்மா எழுதுவதைப் பார்த்ததே இல்லையா என்று நான் கேட்டேன். பார்த்தோம், எங்களில் பாதிப்பேர் குறிப்பெடுப்பவர்கள்தான், அக்கறையான பிரதிநிதி என்று நினைத்தோம் என்றார் நீதிபதி. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறு படித்த மனிதர்கள், ஊருக்கு நல்லது செய்ய வந்தவர்கள், இருபது வருஷமாக ஒருத்தியை மேசைக்கு அழைத்து உட்காரவைத்துவிட்டு, நீ யார் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

இனி என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு நீதிபதி விரலை மடக்கி இரண்டு வழி சொன்னார். அக்கா தான் மக்கள் தரப்பே இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். அதுதான் உண்மை. அப்படிச் செய்தால் இருநூற்றுப் பதினான்கு முடிவுகளையும் விசாரிக்கவேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை போட்ட உத்தரவுகள் போட்டபடி நடக்கும், மெஷின் ஒண்ணாந்தேதி போய்விடும். இல்லையென்றால் போன மாத முடிவுகளை உறுதிசெய்யும் வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மக்கள் தரப்பாக அவள் மறுக்கலாம். ஒரு தரப்பு மறுத்தாலே அந்த முடிவு செல்லாது, மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"ஆனா அப்படிச் சொன்னா, இத்தனை வருஷமும் நீங்கதான் அந்தத் தரப்புன்னு ஆயிடும்மா. அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல முடியாது" என்றார்.

வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா தெருவைப் பார்த்தபடியே கேட்டாள். 

"நான் செய்யாததையெல்லாம் செஞ்சேன்னு சொல்லணும். படிப்பகம், சந்தை, சலவைத்துறை எல்லாம். என்னடா சொல்லட்டும்?"

வாழ்க்கை முழுக்க நியாயம் பேசியவன் நான். சில்லறைக்கும் சீட்டுக்கும் நியாயம் பேசி மேலதிகாரியிடம் மூன்று முறை சஸ்பெண்ட் வாங்கியவன். உண்மையைச் சொல்லிடு, இவங்க வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏத்து என்றுதான் என் வாயில் வந்திருக்க வேண்டும். மறுநாள் வியாழக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. ஊசி, நான்கு மணி நேரம், அதற்குப் பிறகு இரண்டு பஸ்.

"நான்தான்னு சொல்லிடுக்கா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள். என் குரலைக் கேட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். கூட்ட அறைக்குள் எனக்கு நாற்காலி கிடையாது. தாழ்வாரத்தில், திறந்த கதவுக்கு வெளியே நின்றேன். தலைவர் மூன்றாம் வட்டார முடிவை வாசித்துவிட்டு, வழக்கம்போல, மறுப்பு உண்டா என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அக்காவின் பேனா அந்த வரியை எழுதியது. இரண்டாவது முறை கேட்டார். பேனா நின்றது.

"மக்கள் தரப்புல நான் மறுக்கிறேன்."

அவள் குரல் அவ்வளவு கனமானது என்று ஐம்பத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது. தொழிற்சங்கத் தலைவரின் கையிலிருந்த தாள்கள் நழுவித் தரையில் சிதறின. தண்ணீர் இலாகாத் தரப்பில் இருந்த பெரியவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. நீதிபதி, பதிவுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, எத்தனை வருஷமாக இந்தத் தரப்பில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இருபது வருஷமா" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுக் குனிந்து அதை எழுதினாள். எழுத வேறு ஆள் இல்லையே. தான் சொன்ன பொய்யைத் தன் கையாலேயே, ஒரு சுழி பிசகாமல் எழுதினாள்.  தாழ்வாரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெஷின் தப்பித்தது. மறுநாள் பத்திரிகையில் மக்கள் தரப்பு முதல்முறையாக மறுத்தது என்று அக்காவின் படத்தோடு போட்டார்கள். இருபதாண்டுப் பிரதிநிதி என்றும் போட்டார்கள். அதற்குள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சலவைத்துறையில் இருந்த ஒரு அம்மாள் வந்து, உள்ளே வராமல், எங்க துவைக்கிற கல்லு உனக்கு என்ன பாவம் செஞ்சுது என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா எல்லாருக்கும் கதவைத் திறந்தாள். யாரிடமும் அது நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் சொல்லப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒருத்தர் காதில் விழுந்தாலும் மெஷின் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை போனேன். கதவில் தாள் இல்லை, பசை மட்டும் இருந்தது. ரொட்டிக்காரர் ஏற்கெனவே ஊசி குத்திக்கொண்டு படுத்திருந்தார். பழைய சந்தை முகப்பில் அவருக்குச் சொந்தமாகக் கடை இருந்தது. சந்தை ஊருக்கு வெளியே போனதும் ஒரே வருஷத்தில் கடை படுத்துவிட்டது. இப்போது அவர் இன்னொருவர் கடையில் மாவு பிசைகிறார். இதெல்லாம் எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும், அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நர்ஸம்மா என் கையில் ஊசியைப் போட்டுவிட்டு நகர்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"பேப்பர்ல வந்த அம்மா உங்க அக்காவாமே. நர்ஸு சொல்லுச்சு."

"ஆமாங்க."

"சந்தைய மாத்துறப்பவும் அவங்கதானா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு திறந்து, "ஆமாங்க, அவங்கதான்" என்றேன்.

 இரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் இருவரின் ரத்தமும் வெளியே போய்ச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"பதினஞ்சு வருஷமா அந்த ஆளு யாருன்னு தேடிட்டிருந்தேன். கெடைச்சா நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு வச்சிருந்தேன்" என்றார். "இப்பக் கெடைச்சும் ஒண்ணும் கேக்க முடியல. அவங்க இல்லன்னா இன்னைக்கு நான் இங்க படுத்திருக்க மாட்டேன்."

வீட்டுக்குப் போனேன். அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். ரொட்டிக்காரரின் சந்தைக் கடைக் கதையை நான் சொல்லிக் கேட்டிருந்தவள், அவர் வந்தாரா என்று கேட்டாள். வந்தார் என்றேன். ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

அவர் சொன்னதைச் சொன்னேன். குறைத்துச் சொல்லலாம் என்று தோன்றியது, ஆனால் அவளிடம் அது முடியவில்லை. பேனா எடுக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். நான் முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன்.